கங்காணியம்மாவின் போத்தல்

யார் கையால் தேத்தண்ணி வாங்கினாலும் அவர் உடனே குடிக்க மாட்டார். கோப்பையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு தரம் முகர்வார். கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார். மறுபடி ஒரு தரம் முகர்வார். நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பிறகுதான் ஒரு வாய். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் இதுதான் வழக்கம். கோயிலில் பூசாரி கொடுத்த தீர்த்தத்தைக்கூட முகர்ந்து பார்த்தார் என்று என் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற பாக்கியம் சொல்வாள். நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கிறவர்களை மேற்பார்க்கிற கங்காணி வேலை முதன்முதலாகக் கிடைத்த பெண் அவர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு முன்னால் கங்காணியம்மா. முதுகுக்குப் பின்னால் சி.ஐ.டி. உயரமான, மெலிந்த உடம்பு. சேலைக்கு மேல் யாரோ ஆம்பிளையின் பழைய கறுப்புக் கோட்டு. இடது கண் எப்போதும் கொஞ்சம் சுருங்கி இருக்கும். எதிரில் நிற்கிறவர் பேசப் பேச அந்தக் கண் இன்னும் சுருங்கும். பேசி முடித்ததும் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு பேச்சுத்தான் வரும்.

"சொன்னா ஆச்சா?"

மழை வருகிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். காலையில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்புகிற பெரட்டு நாளைக்கு முந்தியே கலையும் என்று கணக்கப்பிள்ளை ஐயா சொன்னால், ஐயா போன பிறகு, "சொன்னா ஆச்சா?" என்பார். தலவாக்கலைக்குப் போக பஸ் ஏறினால், "தலவாக்கலை, தலவாக்கலை" என்று கொண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கிறவர்களிடம் ஒவ்வொருவராக, "இது தலவாக்கலை போகுமா?" என்று கேட்பார். எல்லோரும் ஆமாம் என்ற பிறகும் உட்கார மாட்டார். கதவுக்குக் கிட்டேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழி சரிதானா என்று பார்த்துக்கொண்டே வருவார்.

ஆண் கங்காணிமார் ரோட்டில் குடையோடு நின்று சத்தம் போடுவார்கள். இவர் தேயிலை நிரைக்குள் இறங்கி வருவார். கொழுந்துக் கூடைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுவார். அடியில் முற்றல் இலை இருக்கிறதா, பாரம் கூட்டத் தண்ணீர் தெளித்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

"என்னாங்க கங்காணியம்மா, கூடைக்குள்ள கள்ளப் புருசன ஒளிச்சு வச்சிருக்கேனான்னு பாக்குறீங்களா?" என்று பாக்கியம் ஒருநாள் கேட்டாள். பக்கத்து நிரைகளில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கையை எடுக்கவில்லை. "வெறுங் கூடையவே இழுத்துக்கிட்டு வர்றவ நீ. ஆம்பிளைய வேற தூக்கிட்டு வருவியாடி?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் அவர் புருசன் என்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒரு கதை உண்டு. கொழும்புக்குப் போய் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவர் வரவே இல்லையாம். அந்தக் கோட்டு அவருடையதாம். இந்தக் கதையையும் பாக்கியம்தான் சொன்னாள். இது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது.

நான் டயகமப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது. அப்படிப்பட்ட எனக்கு அந்தக் கங்காணியம்மாவின் கண்ணுக்குக் கீழே வேலை கிடைத்தது.

கூச்சம் உள்ளவளுக்கு மலையில் பெரிய கஷ்டம் ஒன்றுதான், அது ஒதுங்குவது. விடிந்ததும் மலைக்குப் போனால் மத்தியானம் வரைக்கும் இறங்க முடியாது. மலையில் கக்கூஸ் கிடையாது. தேயிலைச் செடிகளுக்குள் குனிந்தால் மேல் ரோட்டில் போகிறவனுக்குத் தெரியும். அதனால் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால்தானே ஒதுங்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கமில்லை. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

இதில் கங்காணியம்மா வேறு. யாராவது நிரையை விட்டு மறைந்தால் அவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஒதுங்குகிறேன் என்று போய்த் தண்ணீர் வடிகிற கானுக்குள் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாளா, போனில் பேசுகிறாளா என்று பின்னாலேயே போவார். "யாரு அங்க? எந்திரிச்சுக் கையக் காட்டு" என்று சத்தம் வரும். செடிக்கு மேலே ஒரு கை மட்டும் உயரும். எல்லோருக்கும் சிரிப்பு வரும். எனக்கு மட்டும் உயிர் போகும். நான் ஒதுங்குவதையே கூடியவரை விட்டுவிட்டேன்.

கல்யாணமாகி வந்த அடுத்த வருடம் நான் முழுகாமல் இருந்தேன். மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார். வறுத்த கருவாட்டு வாசனைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினதைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே வந்து காதோடு சொன்னார்.

"மூணு மாசம் முடியிற வரைக்கும் மூச்சு விடாத. கிளினிக்கும் வேணாம், மிட்வைப் அம்மாவும் வேணாம். ரெண்டு தரம் நான் வாய விட்டுக் கெட்டவ. ரெண்டுமே தங்கல." வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "முக்கியமா அந்த சி.ஐ.டி.க்குத் தெரியக் கூடாது. அவ கண்ணு கொள்ளிக் கண்ணு" என்றார்.

மாமியார் கெட்டவர் இல்லை. அதிகம் பேச மாட்டார். விடியக் காலையில் எனக்கு முன்னால் எழும்பி, அடுப்பு மூட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, கொத்தமல்லியும் சீரகமும் சேர்த்து ஒரு கஷாயம் வைப்பார். அதில் ஏதோ ஒரு வேரும் போடுவார். ஆற்றோரத்தில் தோண்டி வந்து, காயவைத்து, துணியில் முடிந்து வைத்திருந்தார். என்ன வேர் என்று ஒரு தரம் கேட்டேன். "எங்கம்மா எனக்குக் குடுத்தது" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் ஒரு கோப்பை நிறையக் குடிக்க வேண்டும். குடித்து வாசலைத் தாண்டுவதற்குள் அது அப்படியே வெளியே வந்துவிடும்.

காலையில் தொடங்கினால் நாள் பூராவும் வாந்திதான். ரொட்டியைப் பார்த்தால் வரும். பெக்டரிப் பக்கமிருந்து தேயிலைத் தூள் வாசனை அடித்தால் வரும். பச்சைத் தண்ணீருக்குக்கூட ஒரு வாசனை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் டவுனிலிருந்து கிறீம் கிறேக்கர் பிஸ்கட் வாங்கி வந்து தந்தார். புளிப்பு வாசனைக்குத் தேசிக்காயை நறுக்கி முகர்ந்தேன். மலையில் கொழுந்து மொட்டைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டேன். அந்தத் துவர்ப்புக்கு எச்சில் ஊறுவது கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மொட்டும் சேர்ந்து வெளியே வரும்.

முதல் தரம் மலையில் நான் வாந்தி எடுத்தபோது கங்காணியம்மா எங்கிருந்தோ வந்து நின்றார்.

"என்னா அங்க?"

"வாந்திங்க."

"எங்க? காட்டு."

நான் தள்ளி நின்றேன். செடியின் தூரில் கிடந்ததைக் குனிந்து, குடை நுனியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களைப் பார்த்தார்.

"வெரல விட்டு எடுக்கிறியா? மேட்டு மலைக்கு ஏற சோம்பலா இருக்கா?"

"இல்லீங்க."

"சொன்னா ஆச்சா?"

ஆனால் விரலில் ஈரமில்லை. அவர் போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். நான் எங்கே குனிந்தாலும் அந்தக் கறுப்புக் கோட்டு பின்னால் நின்றது. என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, புருசன் அடிக்கிறானா என்று கேள்விமேல் கேள்வி. நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். அங்கே மருந்துக்காரர் ஐயா என்ன செய்கிறது என்று கேட்டபோது, மாமியார் சொன்னதும் கூச்சமும் சேர்ந்து, "வயிறு சரியில்லீங்க" என்று மட்டும் சொன்னேன். கேஸ்ட்ரிக் என்று குளிசை கொடுத்தார். நான் சொல்லாததை அவர் எப்படி அறிவார்? கங்காணியம்மா அந்தக் குளிசையையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதுவும் வயிற்றில் தங்கவில்லை.

பாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. "ஏய், மசக்கைதானே? என்கிட்ட என்னாடி மறைக்கிற?" என்று கூடைக்கு மேலாகக் குனிந்து கேட்டாள். நான் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். "நான் என் மூத்தவனுக்கு இப்பிடித்தான் கொடலே வெளிய வர்ற மாதிரி எடுத்தேன். எல்லாருக்கும் வர்றதுதான். தானா நின்னுரும்" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. எல்லாருக்கும் வருவதுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

அது நிற்கவில்லை. கடைசியில் மஞ்சளாகக் கசப்பு நீர்தான் வந்தது. உதடு வெடித்தது. எழுந்து நின்றால் மலை சரிந்து என் மேல் வருகிற மாதிரி இருந்தது. கூடைக் கயிறு தலையில் அழுத்தும்போது காதுக்குள் ஆற்றுச் சத்தம் கேட்டது.

அன்றைக்குக் காலை பத்து மணிபோல இருக்கும். கங்காணியம்மா என் நிரையில் வந்து எதிரே நின்றார். வாந்தியைத் தேடவில்லை, விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ ஏன் ஒதுங்கல?"

எனக்கு விளங்கவில்லை.

"நேத்து காலையில இருந்து நான் பாக்குறேன். பாக்கியம் போனா. அவ பக்கத்துல நிக்கிறவ போனா. எல்லாரும் ஒதுங்குனாங்க. நீ மட்டும் ஒதுங்கவே இல்ல. இன்னைக்கும் இல்ல. லயத்துல போனியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. முந்தின நாள் காலையில் போனதுதான். வேலைக்கு ஏமாற்றுகிறவளைப் பிடிக்க ஒவ்வொருவராகக் கண்காணித்துக்கொண்டிருந்தவர், ஒதுங்காதவளையும் பிடித்துவிட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

முதல் தடவையாக அவர் "சொன்னா ஆச்சா?" என்று சொல்லவில்லை. இடது கண் முழுதாகச் சுருங்கிவிட்டது.

"காலையில என்னா குடிக்கிற?"

"அத்தை கஷாயம் தருவாங்க."

"என்னா கஷாயம்?"

"இஞ்சி, கொத்தமல்லி... ஒரு வேரு."

"என்னா வேரு?"

"தெரியாதுங்க."

"வா" என்றார். என் கூடையைத் தானே கழற்றிப் பாக்கியத்தின் காலடியில் வைத்தார். மலையை விட்டு அந்த நேரத்தில் ஒரு கங்காணி இறங்கிப் போனதை யாரும் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்தபடியே லயம் வரைக்கும் வந்தார். தாங்கிப் பிடித்தாரா, தப்பி ஓடிவிடாமல் பிடித்தாரா என்று அந்தப் பிடியை வைத்துச் சொல்ல முடியவில்லை.

மாமியார் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளைக்கு என்னத்தக் கொடுக்குற?"

"என்னத்தக் கொடுக்குறேன்?"

"காலையில கொடுக்குறியே, அது. எடு வெளிய."

"நீ யாருடி என் அடுப்படிய வந்து கேக்க? மலையில ஒன் அதிகாரத்த வச்சுக்க."

கங்காணியம்மா அவரைத் தாண்டி உள்ளே போனார். அடுப்போரத்தில் மூடி வைத்திருந்த சட்டியைத் தூக்கி முகர்ந்தார். வெளியே வந்து, லயம் பூராவும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

"முழுகாம இருக்குற புள்ளைக்கு என்னா வேர அவிச்சு ஊத்துற? சொல்லு! ரெண்டு நாளா மூத்திரம் போகல அவளுக்கு. கொல்லப் பாக்குறியா?"

எட்டுக் காம்பரா வாசலிலும் தலைகள் தெரிந்தன. மாமியார் பொத்திப் பொத்தி வைத்தது ஒரே மூச்சில் ஊர்ப் பேச்சானது. நான் பூமிக்குள் போய்விடலாம் என்று நினைத்தேன். நான் சொல்லாததை இவர் எப்போது தெரிந்துகொண்டார் என்றும் நினைத்தேன். முதல் நாள் குடை நுனியால் மண்ணைக் கிளறினபோதே தெரிந்திருக்குமோ?

மாமியார் கோடரியைக் கீழே போட்டார். "என் வம்சத்த நானே கொல்லுவேனா? என் கையால இடிச்ச இஞ்சிடி அது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

"அத டாக்டர்கிட்ட சொல்லு" என்று கங்காணியம்மா சட்டியில் இருந்ததை ஒரு பழைய மருந்துப் போத்தலில் ஊற்றி, கடதாசியைச் சுருட்டி அடைத்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரோட்டில் நின்று கொழுந்து லொறியை மறித்தார். டிரைவர் முணுமுணுத்தான். "எறக்கிட்டுப் போயிப் பாரு, ஒன்ன என்னா பண்றேன்னு" என்றார். லொறியில் சந்தி வரைக்கும், அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு. மாமியார் வரவில்லை. லயத்து வாசலில் நின்றபடியே இருந்தார். லொறி திரும்பும்போது பார்த்தேன், முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்ன வயதுச் சிங்கள அம்மா. என் நாக்கைப் பார்த்தார், கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாடி பார்த்தார். மூத்திரம் கேட்டார்கள். வந்த கொஞ்சமும் பால் விடாத திக்கான சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. கங்காணியம்மா போத்தலை மேசையில் வைத்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷம், விஷம் என்றார். டாக்டர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்து, நர்ஸிடம் என்னவோ சொன்னார். தமிழ் தெரிந்த நர்ஸ் எங்களிடம் திரும்பினார்.

"விஷம் ஒண்ணும் இல்லையாம். இது கர்ப்ப வாந்திதான். சில பேருக்கு இப்பிடிக் கடுமையா வரும். குடிக்கிறதும் இல்ல, எடுக்கிறதும் நிக்கல, அதனால உடம்பு காஞ்சு போச்சு. இன்னும் விட்டிருந்தா தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து. தண்ணிகூடத் தங்கலன்னா, மூத்திரம் போகலன்னா மசக்கைன்னு சொல்லிக்கிட்டு வீட்டுல இருக்கக் கூடாது. ஏன் கிளினிக்குக்கு வரல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்போ அந்த வேரு?" என்றார் கங்காணியம்மா.

நர்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "மோந்து பாத்து எல்லாத்தையும் சொல்ல முடியாது. பேர் தெரியாத வேரு, இலை எதையும் இந்த நேரத்துல குடிக்க வேணாம்."

இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் பிறகு லயத்தில் பல வருடம் சண்டை நடந்தது. விஷம் இல்லை என்று டாக்டரே சொன்னதாக மாமியார் பக்கம். வேர் வேண்டாம் என்று டாக்டரே சொன்னதாகக் கங்காணியம்மா பக்கம்.

எனக்கு சேலைன் ஏற்றினார்கள். வாந்திக்கு ஊசி போட்டார்கள். அதற்கும் அவர் விடவில்லை. சேலைன் போத்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது என்னா தண்ணி? பைப்புத் தண்ணியா?" என்று கேட்டு நர்ஸிடம் ஏச்சு வாங்கினார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சொட்டு விழுவதையே பார்த்தார். பெக்டரியில் வேலை செய்த என் வீட்டுக்காரர் சேதி கேட்டு ஓடி வந்தபோது அவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "நீ எங்க இருந்த?" என்றார்.

பின்னேரம் எனக்கு மூத்திரம் வந்தது. நர்ஸ் பிடித்துத் தந்த பாத்திரத்தை, "கொண்டா இங்க" என்று வாங்கிப் பார்த்தார். நிறம் தெளிந்திருந்தது. அப்போதுதான் கோட்டைக் கழற்றி ஸ்டூலில் போட்டார். பையில், டாக்டரின் மேசையிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்ட அந்தக் கஷாயப் போத்தல் இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் நேராகவே, "டிக்க டிக்க வத்துர பொன்ன" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் என்பது எனக்கும் விளங்கியது. படுக்கையை விட்டு எழும்ப முந்தி ஒரு காய்ந்த பிஸ்கட், பிறகு வயிறு வெறுமையாகாமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சம், எந்த வாசனைக்கு வருகிறதோ அதற்குத் தள்ளி இருப்பது, குளிசை, கிளினிக். இவ்வளவுதான் வைத்தியம். இதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் மலையில் தண்ணீர் குடித்தால் எங்கே ஒதுங்குவது? அதற்குக் கங்காணியம்மாதான் வழி செய்தார். நான் இடுப்பில் கட்டுகிற படங்குச் சீலையை அவிழ்த்துத் திரை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்பார். முழுதாகத் திரும்பி நிற்க மாட்டார். "ஆச்சா?" என்பார். "ஆச்சுங்க" என்றால் மண்ணை எட்டிப் பார்ப்பார். அரை மணிக்கொரு தரம் போத்தல் தண்ணீரை நீட்டி, "முழுங்கு" என்பார். நான் முழுங்கின பிறகு, "வாயத் தொற" என்பார். கன்னத்தில் அடக்கி வைத்துத் துப்பிவிடுவேன் என்று பயம். பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வரும். ஆனாலும் நாலாம் மாதம் தாண்டும்போது என் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஆண் பிள்ளை பிறந்தது. பார்க்க வந்த கங்காணியம்மா பிள்ளையைப் போர்வை நீக்கித் தலை முதல் கால் வரை சோதித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதையும் முழு மனதோடு சொல்லவில்லை.

அவர் என்னைக் காப்பாற்ற வந்தாரா, என் மாமியாரைப் பிடிக்க வந்தாரா? இந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் நானும் என் பிள்ளையும் இருந்திருக்க மாட்டோம் என்பது நிச்சயம். ஆனால் அன்றைக்கு அவர் லயத்து வாசலில் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமியார் அதற்குப் பிறகு கஷாயம் வைக்கவில்லை. அந்த வேர் முடிச்சு எங்கே போனது என்று தெரியாது. எனக்குத் தேத்தண்ணி தரும்போது, என் கண் முன்னாலேயே தான் முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு, பிறகு கோப்பையை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் அத்தை, அப்படிச் செய்யாதீங்க என்று சொல்ல எத்தனையோ நாள் நினைத்தேன். வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் குடித்ததைப் பார்த்த பிறகு குடிக்க எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்படி ஒரு நிம்மதி ஏன் வந்தது என்று யோசிக்கவே எனக்குப் பயம். மாமியார் சாகும்வரை இப்படியே போயிற்று.

கங்காணியம்மா வேலையிலிருந்து நின்ற பிறகு நானுஓயாவில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு தரம் மகனையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அவருக்குக் கண் மங்கியிருந்தது. நான் யாரென்று சொன்னேன்.

"சொன்னா ஆச்சா?" என்றார். என் கையைத் தடவிப் பார்த்து, வலது கை விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

நான் கொடுத்த பிஸ்கட்டை முகர்ந்துகொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒன் மாமியாதான் இப்ப இல்லையே. இப்பவாவது சொல்லு. அது என்னா வேரு?"

"தெரியாதுங்க. அவங்க கெட்டது ஒண்ணும் செய்யல" என்றேன்.

அவர் அலுமாரிப் பக்கம் கையைக் காட்டினார். மேல் தட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், கடதாசி அடைத்த மருந்துப் போத்தல். அடியில் கறுப்பாக ஏதோ உறைந்து ஒட்டியிருந்தது. கொட்டிவிடச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. அதற்கு அடுத்த மழைக் காலத்தில் அவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போத்தலை யார் கொட்டினார்கள் என்று தெரியாது.

இப்போது என் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. முதல் மாதமே கிளினிக்கில் பதிந்துவிட்டாள். மிட்வைப் அம்மா வந்து பார்க்கிறார், குளிசை இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் கட்டியாகிவிட்டது. ஆனாலும் வாந்தி வாந்திதான். நேற்றுக் காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் இஞ்சி குடிக்கலாம் என்று மிட்வைப் அம்மா சொல்லியிருந்தார். அவள் பார்க்கும்படி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து இஞ்சியைச் சீவினேன், தட்டினேன், கொதிக்க வைத்தேன். வேறு எதுவும் போடவில்லை. இறக்கி ஆற்றி, அவளுக்கு நீட்டுமுன் என் கை கோப்பையை என் வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. ஒரு வாய் குடித்தேன்.

"என்னா அத்தை, சூடு பாக்குறீங்களா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் வாங்கி, முகர்ந்துகூடப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தாள். நான் அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலையில ஒண்ணுக்குப் போனியா புள்ள?"

"போனேன் அத்தை."

"சரி" என்றேன். கோப்பையைக் கழுவப் போகிற மாதிரிப் பின்பக்கம் போய், கக்கூஸ் கதவைத் திறந்து வாளியைப் பார்த்தேன். விடியக் காலையில் நான் நிரப்பி வைத்த தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது.